பூட்டிக் கிடக்காத பொது அறை: அமைப்பதும் நடத்துவதும்

விடுதியாகட்டும், அடுக்குமாடிக் குடியிருப்பாகட்டும், முதியோர் இல்லமாகட்டும், பலர் சேர்ந்து வாழும் இடங்களில் பொது அறை என்று ஒன்றை ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு அது கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் திறக்கிறது. மற்ற நாட்களில் நாற்காலிகள் அடுக்கியபடி இருட்டில் கிடக்கின்றன. அப்படிப்பட்ட அறையை அன்றாடம் ஆள் புழங்கும் அறையாக மாற்றும் வழிகள் இங்கே. புதிதாகக் கட்டுபவர்களுக்கும் இதில் வேலை உண்டு, இருக்கிற அறையைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கும் உண்டு.

தவறு பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே தொடங்குகிறது: எத்தனை பேருக்கு அறை? எல்லாரும் கூடும் அந்த ஒரு நாளை மனதில் வைத்து அளவெடுக்கிறார்கள். அப்படிக் கூடுவது ஆண்டுக்கு நாலைந்து நாள். மீதி 360 நாளும் அறைக்கு வரப்போவது 2 பேர், 3 பேர், மிஞ்சினால் 10 பேர். 80 பேருக்கான கூடத்தில் 2 பேர் உட்கார்ந்தால் அவர்களுக்கே ஏதோ தப்பு செய்வதுபோல் இருக்கும், எழுந்து போய்விடுவார்கள். அதனால் முதலில் இருவருக்கும் மூவருக்கும் தோதாக அமையுங்கள். கூட்டத்துக்கு வேண்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வழியை ஒட்டி இருக்க வேண்டும்

வெளியிலிருந்து வருபவர் தம் அறைக்குப் போகும் வழியை ஒட்டிப் பொது அறை இருப்பதே சரி. மொட்டை மாடியிலோ நிலவறையிலோ நடைபாதையின் கடைசியிலோ வைத்தால், "இன்று அங்கே போவோம்" என்று முடிவெடுத்துத்தான் போக வேண்டும். களைத்து வருகிற மனிதர் அந்த முடிவை எடுப்பதில்லை. அதற்காக வழியை அறையின் நடுவே விடவும் கூடாது. பேசிக்கொண்டிருப்பவர்களைப் பிளந்துகொண்டு நடக்க வேண்டியிருந்தால் நடப்பவருக்கும் சங்கடம், உட்கார்ந்திருப்பவருக்கும் சங்கடம். வழி அறையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போனால் போதும்.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பை உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1950இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கும் தபால் பெட்டிகளுக்கும் அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்து நட்புகள் கூடுதலாக இருந்தன. மேலே இருப்பவர்கள் தினமும் அவர்கள் வாசலைத் தாண்டிப் போய்வந்ததுதான் காரணம்.

உங்கள் அறை ஏற்கெனவே தவறான இடத்தில் இருக்கிறது, மாற்றவும் முடியாது என்றால், மக்கள் கட்டாயம் போக வேண்டிய காரணங்களை அறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். தபால் பெட்டி, பார்சல் வைக்கும் அலமாரி, குடிநீர்க் குழாய், துணி துவைக்கும் இயந்திரம், அறிவிப்புப் பலகை ஆகியவற்றில் இரண்டை மாற்றினாலே வித்தியாசம் தெரியும். துவைக்கும் இயந்திரம் தனிச் சிறப்பு: 40 நிமிடம் காத்திருக்க ஒரு சாக்கு கிடைக்கிறது. ஆனால் அதன் இரைச்சல் அறைக்குள் வராதபடி நடுவில் கதவு வேண்டும். டென்மார்க்கில் 1972இல் சேட்டடாமன் என்ற, தனித்தனி வீடுகளோடு எல்லாருக்கும் பொதுவான ஒரு வீடும் சேர்ந்த கூட்டுக் குடியிருப்பில் ஆட்கள் குடியேறினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் எழுந்த அவ்வகைக் குடியிருப்புகளில் வண்டி நிறுத்துமிடத்துக்கும் வீடுகளுக்கும் இடையில் பொது வீட்டை வைப்பது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குப் போகிறவர் அதைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்தே தெரிய வேண்டும். மரக்கதவு மூடியிருந்தால், திறந்து எட்டிப்பார்த்துவிட்டுப் பின்வாங்குவது எல்லாருக்கும் கூச்சம். கதவில் கண்ணாடி பதியுங்கள். தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் கண்ணாடி தொடங்கினால் சிறுவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்க்கலாம். முழுச் சுவரையும் கண்ணாடியாக்கிவிடாதீர்கள், உள்ளே இருப்பவர் காட்சிப்பொருள்போல் உணர்வார். இடம் இருந்தால் இரண்டு வாசல் வையுங்கள். பேச்சிலிருந்து நழுவ வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கூச்ச சுபாவமுள்ளவர் உள்ளே நுழையவே துணிவார்.

அளவு

கணக்குக்கு ஒரு அறையை எடுத்துக்கொள்வோம்: 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். 48 சதுர மீட்டர். சாய்ந்து உட்காரும் இருக்கைகளுக்கு ஆளுக்கு 2 முதல் 2.5 சதுர மீட்டர் வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார 1.5 போதும். கூட்டத்துக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் ஏறக்குறைய 1. ஆக, அன்றாடம் 20 பேர் தாராளமாக இருக்கக்கூடிய இந்த அறையே கூட்ட நாளில் 45 பேரைத் தாங்கும். 40 பேர் வாழும் இடத்துக்கு இது தாராளம். ஆனால் எத்தனை பேரை உள்ளே விடலாம் என்ற மேல்வரம்பை வெளியேறும் வாசல்களின் எண்ணிக்கையும் அகலமும் சேர்ந்துதான் முடிவு செய்யும். உங்கள் ஊர்த் தீயணைப்பு விதிகளைப் பார்த்து அந்த எண்ணைக் கதவருகே எழுதி ஒட்டுங்கள். கதவின் நிகர அகலம் 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 90 இருந்தால் நல்லது. சக்கர நாற்காலி திரும்ப ஓரிடத்திலாவது 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றுத் தரை வேண்டும்.

இருக்கைகள்: இங்கேதான் அறை வாழும் அல்லது சாகும்

சுவரோரம் வரிசையாக நாற்காலி போடுவது துடைக்க வசதி, பார்க்க ஒழுங்கு, பேச்சுக்கு நஞ்சு. பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கழுத்தைத் திருப்ப வேண்டும். எதிரில் இருப்பவரோ 5 மீட்டர் தள்ளி இருக்கிறார். 1950களில் ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் கனடாவின் சஸ்காச்சுவான் மாநில மருத்துவமனை ஒன்றில் முதிய பெண்கள் இருந்த கூடத்தைக் கவனித்தார். புதிதாக அலங்கரித்த நல்ல அறை, ஆனால் யாரும் யாரோடும் பேசவில்லை. சுவரோரம் இருந்த நாற்காலிகளைச் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டார்கள். சில வாரங்களில் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தொடக்கத்தில் அங்கிருந்தவர்களுக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை, நாற்காலிகள் மறுபடி சுவரை நோக்கி நகர்ந்தன. ஆகவே இருக்கைகளை மாற்றிவிட்டு இரண்டே நாளில் "வேலைக்கு ஆகவில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். மூன்று வாரமாவது விடுங்கள்.

நம் 48 சதுர மீட்டர் அறையை மூன்று நான்கு இடங்களாகப் பிரிக்கலாம். நடுவில் ஒரு பெரிய மேசை, 180 செ.மீ.க்கு 90 செ.மீ., 6 பேருக்கு. ஆளுக்கு 60 செ.மீ. விளிம்பு கணக்கு. மேசை உயரம் 72 முதல் 75 செ.மீ. நாற்காலியை இழுத்து எழுந்திருக்கப் பின்னால் 90 செ.மீ. விட வேண்டும், அந்தப் பக்கம் ஆள் நடக்கும் வழியும் இருந்தால் 120. இந்தப் பெரிய மேசைக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒருவர் கணக்கு எழுதுவார், இன்னொருவர் துணி தைப்பார், மூன்றாமவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். கையில் வேலை இருப்பதால் பேசியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை, பேச்சு தானாக வரும்.

ஒரு மூலையில் 4 அல்லது 5 சாய்வு இருக்கைகளை வட்டமாகப் போடுங்கள். முகத்துக்கு முகம் 1.5 முதல் 2 மீட்டர் இருக்கட்டும். 3 மீட்டரைத் தாண்டினால் குரலை உயர்த்த வேண்டிவரும், அப்புறம் அறை முழுவதும் அந்தப் பேச்சைக் கேட்கும். ஜன்னலோரம் இருவருக்கான ஒரு சிறு மூலை, முதுகுப்பக்கம் சுவர், கண்ணெதிரே கதவு. தனியாக இருக்க விரும்பினாலும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டு இருக்க ஆசைப்படுபவர்களுக்கான இடம் அது. அப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், அவர்களுக்கு இடமில்லாத அறையில் வாய்ச்சாலகம் உள்ளவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். கதவை ஒட்டி, நின்றபடி சாய்ந்து பேச இடுப்புக்குச் சற்று மேலான ஒரு திட்டு. "உட்கார நேரமில்லை" என்று சொல்பவர் அங்கே 10 நிமிடம் நிற்பார்.

மூன்று பேர் சோபா வாங்காதீர்கள். அதில் இருவர்தான் உட்காருவார்கள். முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே போய் உட்கார யாருக்கும் மனம் வராது. அதே இடத்தில் இரண்டு தனி இருக்கைகள் போட்டால் நகர்த்தவும் முடியும். நியூயார்க் நகரத்துச் சதுக்கங்களைப் பல ஆண்டுகள் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், மக்கள் நாற்காலியில் உட்காரும் முன் அதைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வதைப் பதிவு செய்தார். நகர்த்தத் தேவையே இல்லாதபோதும் நகர்த்தினார்கள். அந்தச் சிறு நகர்த்தலில் இடம் அவர்களுடையதாகிவிடுகிறது. தரையில் திருகி வைத்த இருக்கையில் இது நடக்காது. நாற்காலி ஒரு கையால் தூக்கும் எடையில், 5 கிலோவுக்குள் இருக்கட்டும். காலடியில் ரப்பர் அல்லது கம்பளித் துண்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் இருப்பவர் பொது அறையை வெறுப்பார். அந்தத் துண்டுகள் தேய்ந்து விழும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும்.

உட்காரும் உயரம் பொதுவாக 42 முதல் 45 செ.மீ. முதியவர்கள் வரும் இடமானால் சில இருக்கைகளாவது 46 முதல் 48 செ.மீ. உயரமும் உறுதியான கைப்பிடியும் கொண்டிருக்க வேண்டும். ஆழமாக அமிழும் மெத்தை இருக்கை பார்க்கச் சுகம். மூட்டு வலிக்காரர் ஒருமுறை அதில் உட்கார்ந்து எழ முடியாமல் தவித்தால் மறுபடி வரமாட்டார், காரணத்தையும் சொல்லமாட்டார்.

எதிரொலி

பொது அறை காலியாகக் கிடப்பதற்கு யாரும் சொல்லாத காரணம் இது. ஓடு பதித்த தரை, பூசிய சுவர், காரை போட்ட கூரை, கண்ணாடி: எல்லாம் சத்தத்தைத் திருப்பி எறிபவை. ஐந்து பேர் பேசினாலே ஐம்பது பேர் இரைச்சல். ஒவ்வொருவரும் அடுத்தவரை மிஞ்சக் குரல் உயர்த்த, அரை மணியில் தலைவலி. செவித்திறன் குறைந்தவர்கள்தான் முதலில் நின்றுபோவார்கள்.

அறையின் நடுவே நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் இழுத்துக்கொண்டு நின்றால் வேலை இருக்கிறது. கணக்காகவும் பார்க்கலாம். 1895 வாக்கில் ஹார்வர்டில் எதிரொலி மிகுந்த ஒரு விரிவுரை அறையைச் சீராக்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளருக்கு வந்தது. அவர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டும் எடுத்தும் அளந்து கண்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அறையின் கன அளவை 0.16ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் சத்தம் அடங்க ஆகும் நொடிகள் கிடைக்கும். ஒவ்வொரு பரப்பின் சதுர மீட்டரையும் அதன் உறிஞ்சும் விகிதத்தால் (படும் சத்தத்தில் எவ்வளவு பங்கை விழுங்குகிறது என்ற எண்) பெருக்கிக் கூட்டினால் மொத்த உறிஞ்சல்.

நம் அறையின் கன அளவு 144. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்துப் பரப்பு 180 சதுர மீட்டர். வெறும் கடினப் பரப்புகளுக்குச் சராசரி விகிதம் 0.05 என்று வைத்தால் உறிஞ்சல் 9. சத்தம் அடங்க 2.5 நொடி. வசதியாகப் பேச வேண்டுமானால் 0.6 முதல் 0.8 நொடிக்குள் வர வேண்டும், அதற்கு உறிஞ்சல் 30க்கு மேல் தேவை. கூரையில் பாதியில், அதாவது 24 சதுர மீட்டரில், 5 செ.மீ. தடிமனான கனிமக் கம்பளிப் பலகை (கண்ணாடி அல்லது பாறை இழையால் ஆனது) பொருத்தினால் 0.7 விகிதத்தில் ஏறக்குறைய 17 கூடும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலை 10 சதுர மீட்டர், 4 அல்லது 5. தரைவிரிப்பு 15 சதுர மீட்டர், 3 அல்லது 4. மொத்தம் 33ஐத் தாண்டி 0.7 நொடியில் வந்து நிற்கும். தரைவிரிப்பை மட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள், அதன் பங்கு கொஞ்சம்தான், கூரைதான் பெரிய வேலை செய்கிறது. மெல்லிய பஞ்சுத்தாள் ஒட்டுவதும் பயன் தராது. அது கீச்சொலியை மட்டும் விழுங்கும், பேச்சின் அடிக்குரல் அப்படியே முழங்கும். பலகை வாங்கும்போது தீப்பற்றாத வகைதானா என்று சான்றைக் கேட்டு வாங்குங்கள். மலிவான பஞ்சுத்தாள் தீப்பிடித்தால் நொடிகளில் நச்சுப்புகை கக்கும்.

வெளிச்சம், காற்று, திரை

ஒரே சுவிட்சில் எல்லா விளக்கும் எரியும் அறை மாலையில் அலுவலகம்போல் இருக்கும். குறைந்தது மூன்று சுவிட்சுகளாகப் பிரியுங்கள்: கூரை விளக்கு, மேசைக்கு மேலான தொங்குவிளக்கு, மூலை விளக்குகள். பொதுவாக 150 முதல் 200 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), படிக்கும் இடத்தில் 300 முதல் 500. மாலைக்கு 2700 முதல் 3000 கெல்வின் நிற அளவுள்ள மஞ்சள் ஒளி. ஆளில்லாதபோதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். இருட்டறைக்குள் முதலில் நுழைய யாரும் விரும்புவதில்லை, எல்.இ.டி. விளக்குக்கு ஆகும் மின்சாரமும் சொற்பம்.

ஆளுக்கு நொடிக்கு 8 முதல் 10 லிட்டர் புதுக்காற்று தேவை. 20 பேர் இருந்தால் மணிக்கு 700 கன மீட்டர், நம் அறையின் காற்று மணிக்கு ஐந்து முறை மாற வேண்டும். எதிரெதிர் ஜன்னல் திறந்தாலே இது கிடைத்துவிடும். ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் வெளியேற்றும் விசிறி வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறு கருவியைச் சுவரில் மாட்டி, 1000 பி.பி.எம். தாண்டினால் ஜன்னலைத் திற என்று எழுதிவைத்தால் வாக்குவாதமே வராது.

தொலைக்காட்சியை இந்த அறையில் வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டுமானால் தனி மூலையில், மற்ற இருக்கைகளின் பார்வையில் படாதபடி. திரை ஓடினால் கண் அங்கேதான் போகும், ஒருவர் விருப்பத்துக்கு மற்றவர் எல்லாரும் அடங்க வேண்டும், தொலையியக்கியை யார் வைத்திருப்பது என்பதே தகராறாகும்.

சாவி யாரிடம்?

ஒரு பொருள் காணாமல் போகும். அன்றே அறைக்குப் பூட்டு விழும். சாவி ஒருவரிடம் போகும், அவர் இல்லாத நேரத்தில் அறை இல்லை. பொது அறைகள் செத்துப்போவதற்கு மிக நேரான வழி இதுதான். அறையைத் திறந்து வைத்துப் பொருளைப் பூட்டுங்கள். ஒலிபெருக்கி, திரையிடும் கருவி போன்றவை பூட்டிய அலமாரியில். விளையாட்டுப் பலகைகள், சீட்டுக்கட்டு, புத்தகம், கத்தரிக்கோல், எழுதுபொருள் எல்லாம் திறந்த அடுக்கில். அவை தொலையும், தொலைந்தால் மறுபடி வாங்கும் செலவை ஆண்டுக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள். இரவில் பூட்டியே ஆக வேண்டிய இடமானால், குடியிருப்பவர்கள் எல்லாரும் திறக்கக்கூடிய எண்பூட்டு போதும். ஆள் காலிசெய்து போகும்போதெல்லாம் எண்ணை மாற்ற மறக்காதீர்கள்.

மறந்துவிட்டுப் போன பொருட்களுக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் கண்டெடுத்த தேதியை எழுதி ஒட்டி, 30 நாள் கழித்து அகற்றுவது என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் பெட்டி நிரம்பி வழியாது. அறிவிப்புப் பலகைக்கும் அதே முறை, தேதியில்லாத தாளை ஒட்டக் கூடாது. பழைய தாள்கள் மஞ்சளாகித் தொங்கும் பலகையைப் புதியவர் யாரும் படிப்பதில்லை.

விதிகள்

பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் காடு, மீன்பிடி நீர், பாசனம் போன்றவற்றை மக்கள் தாங்களே எப்படிக் காத்து நடத்துகிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர் எலினார் ஆஸ்ட்ரம். அவர் கண்டவற்றில் மூன்று பொது அறைக்கு அப்படியே பொருந்தும். பயன்படுத்துபவர்களே விதியை வகுக்க வேண்டும். மீறினால் முதலில் லேசான கண்டிப்பு, பிறகுதான் படிப்படியாகக் கடுமை. பிணக்கைத் தீர்க்கச் செலவில்லாத, பக்கத்திலேயே உள்ள ஓர் இடம் வேண்டும். நிர்வாகம் எழுதி ஒட்டிய 25 விதிகளை ஒருவரும் படிக்கமாட்டார்கள். வருபவர்கள் கூடி ஒப்புக்கொண்ட ஆறு விதிகள் நிற்கும்.

விதியைச் செய்ய வேண்டிய காரியமாக எழுதுங்கள். "அசுத்தம் செய்யாதீர்" என்பதில் தகராறு உண்டு, எது அசுத்தம் என்று ஆளுக்கொரு கருத்து. "எழும்போது மேசையைத் துடைத்து, உங்கள் கோப்பையைக் கழுவி அடுக்கில் கவிழ்த்துங்கள்" என்றால் தகராறு இல்லை. கட்டாயம் முடிவாக வேண்டியவை: எத்தனை மணிக்குமேல் குரலைத் தாழ்த்துவது, விருந்தாளியை எத்தனை பேர் வரை அழைத்து வரலாம், நகர்த்திய நாற்காலியை யார் திரும்பப் போடுவது, கடைசியாக வெளியேறுபவர் எவற்றை அணைத்து மூட வேண்டும், உடைந்தால் யாரிடம் சொல்வது, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசலாமா. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். மற்ற ஐந்தையும் சேர்த்தால் வரும் சண்டையைவிட இதில் வரும் சண்டை பெரிது.

குழந்தைகளைத் தடைசெய்யாதீர்கள். நேரம் பிரியுங்கள். மாலை 4 முதல் 7 வரை சிறுவர்கள் ஓடியாடலாம், அதன்பின் அமைதி என்றால் இரு தரப்பும் தம் நேரத்தை அறிந்து வரும்.

துப்புரவு

எந்தப் பொது அறையிலும் மூன்று பேர்தான் எல்லா வேலையும் செய்வார்கள், ஓராண்டில் மனம் கசந்து ஒதுங்குவார்கள், அதோடு அறையும் போகும். இதைத் தடுக்க வேலையை மூன்று அடுக்காகப் பிரிக்க வேண்டும். முதல் அடுக்கு, பயன்படுத்தியவர் அப்போதே செய்வது: துடைப்பது, கழுவுவது, நாற்காலியைத் திரும்பப் போடுவது. 5 நிமிடம். இரண்டாவது வாராந்திர முறை: தரை பெருக்கித் துடைப்பது, குப்பை எடுப்பது, பாத்திரம் கழுவும் தொட்டியைத் தேய்ப்பது, பலகையில் பழைய தாள்களைக் கழற்றுவது. 48 சதுர மீட்டர் அறைக்கு இருவருக்கு அரை மணி. மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து: ஜன்னல், மின்விசிறி இறக்கை, திரைச்சீலை, அலமாரியின் பின்புறம், தளர்ந்த திருகுகள்.

வாராந்திர முறையை எப்போதும் இருவர் பெயரில் போடுங்கள். தனி ஆள் பெயரில் போட்டால் அவர் ஊரில் இல்லாத வாரம் வேலை நின்றுவிடும், தனியாகச் செய்யும்போது தண்டனைபோலவும் இருக்கும். முன்பின் அறியாத இருவரைச் சேர்த்துப் போட்டால் அரை மணியில் அறிமுகமும் ஆகிவிடுகிறது. பட்டியலை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே ஒட்டி, முறையை மாற்றிக்கொள்ள விரும்புபவர்கள் தங்களுக்குள் பேசி மாற்றி எழுதிக்கொள்ள விடுங்கள். "முடிந்தது" என்றால் என்ன என்பதை அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்: குப்பைத்தொட்டியில் புதுப் பை, துடைப்பம் பிழிந்து தலைகீழாக மாட்டியது, பாத்திரத் தொட்டி காய்ந்தது. இவை எழுதப்படாவிட்டால் ஒருவர் செய்தது மற்றவருக்குப் போதாது.

துடைப்பமும் வாளியும் துணியும் அந்த அறையிலேயே இருக்க வேண்டும். இரண்டு மாடி இறங்கி எடுத்துவர வேண்டுமானால் சிந்தியது சிந்தியபடியே கிடக்கும். பாத்திரத்துக்கு ஒரு நிறம், மேசைக்கு ஒரு நிறம், தரைக்கு ஒரு நிறம் என்று துணிகளைப் பிரியுங்கள். சோப்பு, குப்பைப் பை போன்றவற்றில் கடைசி இரண்டு மிஞ்சும்போதே வாங்க வேண்டும். அடுக்கில் அந்த இரண்டுக்கு முன்னால் ஒரு சிவப்பு அட்டை வைத்தால், அட்டையை எடுப்பவர் சொல்லிவிடுவார்.

முன்பதிவு

தனிப்பட்ட நிகழ்ச்சிக்கு அறையைக் கொடுக்கலாம், ஆனால் வரம்போடு. வாரத்தில் 2 மாலைக்கு மேல் முன்பதிவு கூடாது. அவற்றில் ஒன்றுகூட வாரத்தின் கலகலப்பான நாளாக இருக்கக் கூடாது. தொடர் முன்பதிவு 8 வாரத்தில் தானாகக் காலாவதியாகி, மறுபடி கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதி இல்லாத இடங்களில் அறை மெல்ல மெல்ல ஏதாவது ஒரு குழுவின் சொத்தாகிவிடுகிறது. அந்தக் குழு நல்ல குழுவாகவே இருக்கும், அதனால்தான் யாரும் வாய் திறப்பதில்லை. பதிவேடு கதவில் தொங்கும் ஒரு நாட்காட்டியாக இருப்பதே நல்லது. "இன்று அறை உண்டா" என்பது நடந்துபோகும்போதே கண்ணில் பட வேண்டும்.

பிணக்கு வந்தால்

குழுச் செய்தியில் எழுதாதீர்கள். "நேற்று கோப்பையைக் கழுவாமல் போனவர் யாரோ" என்று 40 பேருக்கு அனுப்பினால், செய்தவர் ஒருவர், குற்றம் சுமப்பவர் 39 பேர். பெயர் போடாத கோபக் குறிப்பைச் சுவரில் ஒட்டுவதும் அதே வகை. யார் என்று தெரிந்தால் ஓரிரு நாளுக்குள் நேரில், தனியாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "எப்பவும் நீங்க இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. மறுபடி நடந்தால், முன்பே தேர்ந்தெடுத்த இருவரில் ஒருவரை நடுவில் வைத்துப் பேசுங்கள். அதற்கும் மேலானால்தான் எல்லார் முன்னும் கொண்டுபோக வேண்டும். அந்த இருவரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். யார் என்று தெரியாவிட்டால் விட்டுவிட்டு, கோப்பை கழுவும் இடத்தில் என்ன இடைஞ்சல் என்று பாருங்கள். பல நேரம் அங்கே ஸ்பாஞ்சே இருக்காது.

முதல் எட்டு வாரம்

அறை தயார். இனி ஆள் வர வேண்டும். திறப்பு விழாவுக்குச் செலவழிக்கும் உழைப்பை எட்டு வாரத்துக்குப் பரப்புங்கள். வாரம் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒன்றரை மணி நேரம். ஏதாவது கைவேலை இருக்கட்டும்: கிழிந்ததைத் தைப்பது, பழுது பார்ப்பது, பலகை விளையாட்டு. இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கால் மணி முன்பே வந்து விளக்கைப் போட்டு, யாருமே வராவிட்டாலும் முழு நேரமும் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் பெரும்பாலும் வெறிச்சோடும். அப்போது நேரத்தை மாற்றினால் வரலாம் என்று நினைத்திருந்தவரும் வராமல் போவார். புதிதாக நுழைபவரைப் பார்த்தவுடன் அறிமுகப் படலம் நடத்தாதீர்கள். "அந்த நூலைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா" என்று ஒரு சிறு உதவி கேட்டால் போதும், கூச்சம் பாதி போய்விடும்.

எட்டு வாரம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். அறையின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து நகலெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குத் தினமும் காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளை, யார் என்று குறிக்காமல், ஆள் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் ஒரு புள்ளி. 42 தாள்களையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த இருக்கை ஒருபோதும் நிரம்பவில்லை என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் நீங்களே கால் மணி உட்காருங்கள். முதுகில் கதவு இருக்கும், அல்லது முகத்தில் வெயில் அடிக்கும், அல்லது குளிர்சாதனக் காற்று நேரே கழுத்தில் விழும். காரணம் தெரிந்ததும் இருக்கையை நகர்த்திவிட்டு, அடுத்த மூன்று வாரம் கழித்து மறுபடி புள்ளி வையுங்கள்.